கால் கட்டும் கடைசி வரியும்

உப்புமேட்டில் செத்துப்போன ஒருவர் முதன்முதலாகக் காலால் தாளம் போட்டது ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதனால் பின்னாளில் யாரும் அதைக் கண்டேன் காணேன் என்று சண்டை பிடிக்க வழியில்லாமல் போயிற்று. செத்தவர் லாரி டிரைவர் வரதன். பாடியவன் எத்திராஜ். சாவு வீட்டில் அவன் மைக் பிடித்தது அன்றுதான் முதல் தடவை.

எத்திராஜுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, கல்யாணமாகி எட்டு மாதம். ரயில்வே கேட்டை ஒட்டிய பட்டறையில் லாரிகளின் நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை. தட்டுகிற தட்டுக்கே பாட்டுக் கட்டிப் பாடுவான். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவன் பாட்டைக் கேட்பார்கள், கேட்டுவிட்டு முதலாளியிடம் திட்டும் கேட்பார்கள். வடசென்னையின் அந்த மூலையில் கானா பாடாமல் பிணத்தை எடுக்கிற பழக்கம் கிடையாது. பாடப் போகிறவன் முதலில் வீட்டு ஆள் ஒருவரை ஓரமாக உட்காரவைத்து விவரம் கேட்க வேண்டும்: செத்தவர் பேர் என்ன, என்ன வேலை செய்து சோறு தின்றார், யாரை விட்டுப் போகிறார். அந்த மூன்றையும் அங்கேயே மெட்டில் ஏற்ற வேண்டும். கடைசி வரியில் பாடினவன் தன் ஊரையும் பேரையும் வைத்து முடிக்க வேண்டும். பேர் வைக்காத பாட்டைச் சாத்தாத கதவு என்பார்கள். வழக்கமாகப் பாடுகிறவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், டோலக் வாசிக்கிற சூசை தன் சிநேகிதன் எத்திராஜின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்தினான்.

"லோடு ஏத்தி ஊரு சுத்துன வரதா, இப்ப
ரோடு இல்லாத ஊருக்கு நீ போறதா"

என்று அவன் எடுத்தபோது, கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்த வரதனின் கால் கட்டை விரல்கள் இரண்டும் லேசாக அசைந்தன. அசைந்தவை நிற்கவில்லை. சூசையின் டோலக்குக்கு ஒரு அடி முன்னும் போகாமல் பின்னும் போகாமல், திருவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ரசிகனைப் போல, ஒன்று, ரெண்டு, மூணு, நிறுத்து என்று போட்டுக்கொண்டேயிருந்தன. வரதனின் பெண்சாதி மூக்கைச் சிந்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் இந்தாளுக்குத் தாளம் வந்துச்சா? இப்பப் பாரு, இன்னா கரீட்டா போடுது," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அவ்வளவுதான். யாரும் அலறவில்லை, ஓடவில்லை. பின்வரிசைக்காரர்கள் தலை மறைக்கிறது என்று முன்வரிசைக்காரர்களை உட்காரச் சொன்னார்கள். பாடி முடித்ததும் விரல்கள் நின்றன, பாடையைத் தூக்கினார்கள், வேட்டு வெடித்தது. எத்திராஜ் மட்டும் மூத்திரச் சந்துக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அடுத்து செத்தது பால்காரர் நாகப்பன், அவர் காலும் ஆடியது. அதற்கடுத்து மாவு மில் சரோஜா, அந்தம்மாள் இரண்டு விரலையும் தனித்தனியாக ஆட்டினாள் என்று சொல்லிச் சூசை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். உப்புமேடு இதற்கெல்லாம் மெனக்கெட்டுக் காரணம் தேடவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதற்கே காரணம் கிடைக்காத ஊர், காலுக்கா தேடப்போகிறது? ஆகவேண்டியதைப் பார்த்தது. கால் கட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டப் பழகினார்கள். பெட்டி வாடகைக்கு விடுகிறவர் கால்மாட்டில் மட்டும் புதிதாகப் பெரிய கண்ணாடி போட்டார். அதுவரை தலைமாட்டில் இடம் பிடித்து உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் இப்போது கால்மாட்டில் நாற்காலி கேட்டுச் சண்டை போட்டார்கள். சாவுச் சான்றிதழ் எழுத வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், செத்தது செத்ததுதான் என்று கையெழுத்துப் போட்டார், பிறகு ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே பாட்டு முடிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனார். கோவில் பூசாரி இது அம்மன் கிருபை என்றார், பாஸ்டர் இதைத் தடுக்க வேதத்தில் வசனம் இல்லை என்றார். கட்சி வட்டச் செயலாளரின் அப்பா செத்தபோது மட்டும் கால் ஆடவில்லை. அந்தக் குடும்பம் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் ஒரு மருமகள், "மாமாவுக்குப் புது மெட்டு புடிக்காதுங்க, பழசா எதுனா எடுங்க," என்று சொல்லி, எத்திராஜ் மெட்டை மாற்றி, கிழவர் விரலை ஆட்டினதும் செயலாளர் ஆனந்தத்தில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். உடம்புக்கு முடியாத கிழவர்கள் பட்டறைக்கே நடந்துவந்து, "எனுக்கு இந்த மெட்டு, ஞாபகம் வெச்சுக்கோ நைனா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனில் படம் பிடித்தவர்களுக்கு மட்டும் விரல் அசையாமல்தான் விழுந்தது. அதனால் வெளியூர்க்காரன் எவனும் நம்பவில்லை, உப்புமேட்டுக்காரர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

ஒரு வருஷத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் அவனை விட்டால் சாவுக்குப் பாட ஆளில்லை என்றாயிற்று. அவன் குரலும் பழுத்துவிட்டது. ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: எத்திராஜுக்கு அது பிடித்திருந்தது. உயிரோடு இருக்கிறவன் பாட்டுக் கேட்கும்போதே பீடி பற்றவைப்பான், போனைப் பார்ப்பான், பக்கத்து ஆளோடு பேசுவான். செத்தவர்கள் அப்படியில்லை. அவர்களைப் போல அவன் பாட்டைக் கேட்டவர்கள் யாருமில்லை. பிடித்திருக்கிறதே என்பதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிந்தைய ஒரு சாவில் வந்தது. ஆட்டோ ஓட்டின சம்பந்தம் அவர். பாடும்போது எத்திராஜ் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "உப்புமேட்டு எத்திராஜு பாடுறேன்" என்று கடைசி வரியைத் தொட்டு, தன் பேரைச் சொல்லி வாய் மூடின அதே கணத்தில் விரல் நின்றது. டோலக் அதற்கப்புறமும் நாலு தட்டுத் தட்டித்தான் ஓய்ந்தது. விரல் அதற்குக் காத்திருக்கவில்லை, பேரில் நின்றுவிட்டது. முன்பும் இப்படித்தான் நின்றதா என்று சூசையைக் கேட்டான்.

"ஆமா, மொத தபாலேர்ந்தே உன் பேருலதான் நிக்குது. உனுக்குத் தெரியாதா?" என்றான் சூசை.

அடுத்த சாவில் எத்திராஜ் பேரைச் சொல்லவில்லை. பாட்டை ஒரு மாதிரி இழுத்து நிறுத்திவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நழுவி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பாட்டு இல்லாமல், டோலக் இல்லாமல், அந்தக் கால் தன்னால் ஆடிக்கொண்டேயிருக்கிறதாம். தாளம் கிடைக்காமல் ஒரு தட்டு வேகமாக, ஒரு தட்டு மெதுவாக, வழி தெரியாத ஊரில் வீடு தேடுகிற மாதிரி ஆடுகிறதாம்.

"ஆடுற கால வெச்சினு எப்பிடிப்பா பாடையத் தூக்கறது? வந்து உன் பேரச் சொல்லிட்டுப் போ," என்றார்கள்.

போனான், சொன்னான். நின்றது. செத்தவரின் மகள், சின்னப் பெண், வாசல்வரை வந்து கைகூப்பி, "எங்கப்பாவ நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கண்ணா," என்றாள். நல்ல மனசோடு சொன்ன அந்த வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் முடிக்கிறேனா? நான் சொல்லாவிட்டால் அவர்கள் எங்கே இருப்பார்கள், சொல்லிவிட்டால் எங்கே போவார்கள்? பட்டறையில் சுத்தியலை ஓங்கியபடியே நின்றுவிடுவான்.

அவன் பேரில் கால் நிற்பதை ஊரும் கவனித்துவிட்டது, கவனித்ததற்குத் தகுந்தபடி நடந்தும் கொண்டது. முதலில் வயசானவர்கள் இருக்கிற வீடுகளில் அவன் பேரைச் சொல்வதை நிறுத்தினார்கள். அப்புறம் பிள்ளை பெற்ற வீடுகளில். ரேஷன் கடையில் அவனைக் கார்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் விவரம் தெரியாத புது நர்ஸ் ஒருத்தி சீட்டைப் பார்த்து, "எத்திராஜ்! எத்திராஜ் யாருங்க?" என்று உரக்கக் கூப்பிட்டதும், வரிசையிலிருந்த உப்புமேட்டுக்காரர்கள் தங்கள் நோயாளிகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பட்டறை முதலாளி "தம்பி" என்றார், சூசை "மச்சி" என்றான். அதே பேர் கொண்ட இஸ்திரிக்கடைக்காரர் ஒருவர் தன் கடைப் பலகையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டார். எல்லாரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், எதிரே வந்தால் வழிவிட்டார்கள். அந்த வழிவிடல் அவனுக்குக் குலை நடுக்கமாக இருந்தது.

ஒருநாள் காலையில் பெண்சாதி குணாவதியிடம், "ஏய், ஒரே ஒரு தபா என் பேரச் சொல்லிக் கூப்புடேன்," என்று கேட்டான்.

குணாவதி தோசைக்கல்லைப் பார்த்தபடியே நின்றாள். "வேணாம்யா. எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி கீது."

"உங்கம்மா ஆவடில கீறாங்க."

"காத்துல போவும்யா," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரிக்கப் போனான். அவள் கண் கலங்கியிருந்தது. பெரியவர்களை முடிப்பதற்கே இவ்வளவு என்றால் என்று நினைத்து, அன்றைக்கே, இனிமேல் குழந்தைகளின் சாவுக்கு மட்டும் என்ன ஆனாலும் பாடுவதில்லை என்று தனக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டான்.

கார்த்திகை மாத மழைக்குப் பிறகு ஊரில் காய்ச்சல் வந்தது. லாரி ஸ்டாண்டில் மீன் வறுத்து விற்கிற கஸ்தூரிக்கு ஒரே மகள், நிவேதா, பதினோரு வயது. சனிக்கிழமை தலைவலி என்று படுத்தவள் திங்கட்கிழமை விடிகாலை போய்விட்டாள். கஸ்தூரியின் புருஷன் என்றைக்கோ போனவன், இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, தலைவிரிகோலமாக, கஸ்தூரி பட்டறைக்குள் வந்து எத்திராஜ் முன்னால் நின்றாள்.

"ஒரு பாட்டு எத்தினி நேரம் பாடுவ?"

"யக்கா, நான் கொயந்தைங்களுக்குப் பாடறது இல்லக்கா."

"எத்தினி நேரம்னு கேட்டேன்."

"அரமணி... முக்கா மணி."

"உன் பேரச் சொல்லாம பாடிக்கினே இருந்தா?"

அவள் கேட்பது என்னவென்று அவனுக்குப் புரிந்தது. சுத்தியலைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றவனின் கையிலிருந்து அவளே அதை வாங்கி ஓரமாக வைத்தாள், மணிக்கட்டைப் பிடித்தாள், நடக்க ஆரம்பித்தாள். ஒரு சாதாரண மனுஷி, ஒல்லியானவள், அவன் நினைத்திருந்தால் உதறியிருக்கலாம். உதற முடியவில்லை.

வீட்டு வாசலில் அவன் விவரம் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "பேரு நிவேதா. வேல, இப்பதான் வெங்காயம் நறுக்கக் கத்துக்கினா. யாரையும் வுட்டுப் போவல. பாடு."

பாடினான். நகப்பூச்சு பாதி உரிந்த சின்னக் கட்டை விரல்கள் முதல் வரியிலேயே ஆடத் தொடங்கின. கஸ்தூரி பெட்டிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பெண்கள் அழுதார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்தது பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நிவேதாவின் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு வரிசையாகப் போனார்கள். அவன் மெட்டை மாற்றினான், பள்ளிக்கூடத்தைப் பாடினான், மழையைப் பாடினான், வெங்காயத்தைப் பாடினான், லாரி ஸ்டாண்டிலிருந்த ஒவ்வொரு லாரியின் நம்பரையும் பாடினான். பாட்டு எங்கேயாவது தாழ்ந்து முடிவுப் பக்கம் சாய்ந்தால் கஸ்தூரி தலையைத் தூக்கிப் பார்ப்பாள், அவன் மறுபடி மேலே ஏறிவிடுவான். மூன்று மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்து, "எடுத்துரலாம்மா, மாலையெல்லாம் வாடிப்போச்சு," என்றார்கள். கஸ்தூரி மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்கள் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

பொழுது சாய்ந்தது, பொழுது விடிந்தது, பாட்டு நிற்கவில்லை. சூசைக்கு உள்ளங்கை வெடித்து, துணி சுற்றிக்கொண்டு வாசித்தான். எத்திராஜுக்குக் குரல் போய்க் காற்றுதான் வந்தது, அந்தக் காற்றுக்கும் விரல் ஆடியது. அவனுக்குள் இரண்டு பயம் மாறி மாறி வந்தது. மயங்கி விழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் கால் துணையில்லாமல் தாளம் தேடி அலையும். பேரைச் சொல்லிவிட்டால், இந்தத் தாயின் கண்ணெதிரே, பதினோரு வயசுப் பிள்ளையை அவனே முடித்துவைத்ததாகும். நாக்கின் நுனியில் தன் பேர் வந்து வந்து நின்றது. வேறு எந்த வார்த்தை மறந்தாலும் அது மட்டும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை குணாவதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கஸ்தூரியின் காலில் விழுந்தாள். "யக்கா, அவர வுட்டுடுக்கா. வாயில ரத்தம் வருதுக்கா."

"ரத்தம்தான வருது," என்றாள் கஸ்தூரி. "உசிரு கீதுல்ல?"

அங்கே நின்றிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அப்போதுதான் பயம் வந்தது. ஒன்றரை வருஷமாக வேடிக்கை பார்த்த கால், நாற்காலி போட்டுச் சண்டை பிடித்த கால், இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. சிலர் நைசாக வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளை அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பத்தரை மணி இருக்கும். சூசைதான் முதலில் பார்த்தான், பார்த்ததும் அவன் கை தடுமாறியது. விரல் தாளத்தில் இல்லை. இடது கால், கட்டு விட்ட அளவுக்கு நகர்ந்து, வலது கால்மேல் ஏறி, மெதுவாக மேலும் கீழும் தேய்த்தது. நின்றது. மறுபடி தேய்த்தது. எத்திராஜ் பாட்டை விடவில்லை. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

கஸ்தூரி மட்டும் முன்னால் போனாள். மடியிலிருந்த கத்தி கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. பெட்டிக்கு மிக அருகே குனிந்து அந்தக் கால்களை வெகுநேரம் பார்த்தாள்.

"தூக்கம் வந்துடுச்சு அவளுக்கு," என்றாள்.

அந்தக் கால்களிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் மேலும் சொன்னாள்.

"ஸ்கூல் வுட்டு வந்து கடைக்குப் பின்னாடி குந்திகினு இருப்பா. தூக்கம் வந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டா. இப்பிடித்தான் ஒரு கால இன்னொரு கால் மேல தேச்சினு இருப்பா. சட்டில மீன் கெடந்தாலும் அப்பிடியே போட்டுட்டுப் போயி சாக்கு விரிச்சுப் போட்டு தட்டிக் குடுப்பேன்." அவள் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். "நேத்துலேர்ந்து அவளுக்குத் தூக்கம் வருது. நான் பாவி, பார்க்காம வுட்டேனே."

எத்திராஜ் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்த மாதிரி இருந்தது. பாட்டைக் கீழே இறக்கினான், கடைசி வரிக்கு வந்தான், உப்புமேட்டு என்று வாயெடுத்தான். அதற்குமேல் சொல்வதற்குள் மஞ்சளும் மீனும் நாறுகிற ஒரு கை அவன் வாயைப் பொத்தியது.

"நீ சொல்லாத," என்றாள் கஸ்தூரி. "அவளத் தூங்க வெக்கறது எப்பவும் நான்தான்."

சூசை துணி சுற்றின கையால் டோலக்கை மெல்லத் தொட்டான். பாட்டே தெரியாத, சுருதி சேராத, இரண்டு நாள் அன்ன ஆகாரமில்லாத குரலில், கண்ணாடியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கஸ்தூரி பாடினாள்:

"உப்புமேட்டு கஸ்தூரி சொல்றேன்டி, கண்ணு
தூங்கு, நான் முயிச்சினு நிக்கறேன்டி."

இடது கால் வலது காலைவிட்டு இறங்கியது. விரல்கள் ஒருமுறை மடங்கி, நிமிர்ந்து, அப்படியே இருந்தன. கஸ்தூரி இன்னும் ஒருமுறை அதே வரியைச் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி, தளர்ந்திருந்த கால் கட்டை அவிழ்த்து, பழையபடி இறுக்கி முடிபோட்டாள். அந்த முடிச்சைப் போட்டபிறகுதான் அவள் அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள், ஆண்கள் பாடைக்கு மூங்கில் கொண்டுவரப் போனார்கள்.

எத்திராஜ் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல், கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பெண்களின் கைகளுக்கு நடுவிலிருந்து கஸ்தூரி அவனைத் திரும்பிப் பார்த்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படிக் கூப்பிட்டாள்.

"எத்திராஜு! எயுந்து வூட்டுக்குப் போ. போயித் தூங்கு."

குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்தவர்கள், தள்ளாத வயசுக்காரர்கள், சூசை, குணாவதி, எல்லாரும் அப்படியே குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். எத்திராஜும் பார்த்தான், தன் காலை அல்ல, ஒவ்வொரு முகமாக. எவரும் விழவில்லை. இடுப்பிலிருந்த குழந்தை ஒன்று பசிக்கு அழ ஆரம்பித்தது.

"சரிக்கா," என்றான் எத்திராஜ். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.